கணக்கில் விடுபட்ட கூலி

வீட்டில் இருந்தபடியே சம்பாதிக்கலாம் என்பது இன்று தமிழ்நாட்டில் கேள்வியின்றி ஏற்கப்படும் நம்பிக்கை. கொல்லையில் இருபது நாட்டுக்கோழி, ஓலைக் குடிலில் ஐம்பது காளான் படுக்கை, தொழுவத்தில் இரண்டு கறவை மாடு, பிள்ளைகள் பள்ளிக்குப் போனபின் கணினியில் கொஞ்சம் மொழிபெயர்ப்போ வடிவமைப்போ. இவ்வளவும் சேர்ந்தால் நகரத்துச் சம்பளத்துக்கு ஈடான வருமானம் வந்துவிடும் என்கிறார்கள். யூடியூபில் இதைச் சொல்கிறார்கள், வார இதழ்களில் எழுதுகிறார்கள், சுயஉதவிக் குழுப் பயிற்சிகளில் கற்பிக்கிறார்கள். வேலையை உதறிவிட்டு ஊருக்குத் திரும்பிய பொறியாளரை மேடையேற்றிப் பாராட்டுகிறார்கள்.

இதற்கு அவர்கள் சொல்லும் காரணங்கள் நான்கு. முதலீடு குறைவு, லாபம் அதிகம். மிச்ச நேரத்தில் செய்யலாம். யாருக்கும் கைகட்டி நிற்க வேண்டாம், நமக்கு நாமே முதலாளி. விவசாயம் கைவிட்டால் கணினி வேலை தாங்கும், கணினி வேலை கைவிட்டால் விவசாயம் தாங்கும். இந்த நான்கும் தவறு என்று சொல்லவே இதை எழுதுகிறேன். வீட்டிலிருந்து செய்யும் வேலைகளுக்கு நான் எதிரியல்ல. பல லட்சம் குடும்பங்களுக்கு அதுதான் அடுப்பு எரிய வழி. அந்த வேலையைச் செய்யும் ஆளின் கூலியைப் பூஜ்யமாக வைத்துவிட்டு, மீதியை லாபம் என்று எழுதுவதைத்தான் மறுக்கிறேன். அந்தப் பூஜ்யத்தை எடுத்துவிட்டு உண்மையான கூலியை எழுதிப் பாருங்கள், நான்கு வாதமும் நிற்காது.

முதலில் லாபம். ஒரு கலப்பினக் கறவை மாட்டை எடுத்துக்கொள்வோம். நல்ல மாடு, ஈன்றபின் முந்நூறு நாள் கறக்கிறது, சராசரியாக நாளுக்கு எட்டு லிட்டர் என்று வைப்போம். ஆக 2,400 லிட்டர். தமிழ்நாட்டின் பால் கூட்டுறவான ஆவின் 2022 நவம்பரில் பசும்பாலுக்கு லிட்டருக்கு 35 ரூபாய் என்று விலை வைத்தது, 2023 டிசம்பரில் 3 ரூபாய் ஊக்கத்தொகை சேர்த்தது. அந்த 38 ரூபாயும் முழுசாகக் கைக்கு வருவதாக வைத்தால் 91,200 ரூபாய். பயிற்சி வகுப்பில் கரும்பலகையில் பெரிதாக எழுதப்படுவது இந்தத் தொகைதான்.

இப்போது செலவு. கறவைக் காலத்தில் நாளுக்கு ஐந்து கிலோ கலப்புத் தீவனம், கிலோ 30 ரூபாய் வீதம் 45,000. கறவை வற்றிய இரண்டு மாதத்துக்கு அதில் பாதித் தீவனம், சுமார் 5,000. வைக்கோலும் பசுந்தீவனமும் நாளுக்கு 40 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 14,600. சினை ஊசி, மருந்து, தாது உப்பு, காப்பீடு எல்லாம் சேர்ந்து 6,000. மாடு வாங்கிய கடனுக்கு வட்டி 6,000. மொத்தம் 76,600. மீதி 14,600 ரூபாய். ஒரு வருடத்துக்கு.

இந்த மீதிக்குப் பின்னால் எவ்வளவு வேலை? விடியுமுன் சாணம் அள்ளி, தொழுவம் கழுவி, கறந்து, பால் சொசைட்டிக்குக் கொண்டுபோய் ஊற்ற வேண்டும். பகலில் தண்ணீர் காட்ட வேண்டும், புல் அறுத்து வர வேண்டும். சாயங்காலம் மறுபடி கறந்து மறுபடி ஊற்ற வேண்டும். மிகக் குறைத்து மூன்று மணி நேரம் என்றாலும் வருடத்துக்கு 1,095 மணி நேரம். மணிக்கு 13 ரூபாய் சொச்சம். கன்றுக்கும் எருவுக்கும் 8,000 ரூபாய் என்று தாராளமாகச் சேர்த்தாலும் மணிக்கு 20 ரூபாயைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். 2024-25இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவிக்கப்பட்ட கூலி நாளுக்கு 319 ரூபாய், எட்டு மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 40. சொந்த மாடு, சொந்தத் தொழுவம், சொந்தக் கடன், மாடு செத்தால் சொந்த நஷ்டம் என்று இவ்வளவையும் சுமப்பவருக்கு, எதையும் சுமக்காமல் மண்வெட்டி பிடிப்பவரின் கூலியில் பாதி.

இந்த எண்கள் ஊருக்கு ஊர் மாறும். வரப்பில் புல் கிடைத்தால் தீவனச் செலவு குறையும். ஆனால் அந்தப் புல்லை அறுத்துத் தலையில் சுமந்து வருவதற்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் கூடும். செலவு குறைந்ததாகத் தெரிவதெல்லாம் பெரும்பாலும் பணச்செலவு உழைப்பாக மாறியதுதான். உழைப்புக்கு விலை போடாதவரை அது லாபமாகவே தெரியும். சிறு பண்ணைத் தொழிலில் முதலீடு குறைவு என்ற வாதத்தின் அடித்தளம் இதுதான். முதலீடு குறையவில்லை. அதில் பெரும்பகுதி ஒரு பெண்ணின் உடம்பிலிருந்து போடப்படுகிறது, அதனால் ரசீது இல்லை.

அடுத்தது மிச்ச நேரம். யாருடைய மிச்ச நேரம் என்று கேட்க வேண்டும். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2024இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளில் அதற்குச் செலவிடும் நேரம் சராசரியாக 289 நிமிடம். ஆண் செலவிடுவது 88 நிமிடம். ஏறக்குறைய ஐந்து மணி நேரம் சமைத்து, துவைத்து, பெருக்கி, தண்ணீர் பிடித்துவிட்டு நிற்கிறவளிடம்தான் மிச்ச நேரத்தைப் பயன்படுத்திக்கொள் என்கிறோம். குழந்தையையும் முதியவரையும் பார்த்துக்கொள்ளும் நேரத்தை அந்த ஆய்வு தனியாகக் கணக்கிடுகிறது, இந்த 289 நிமிடத்தில் அது சேரவில்லை.

மிச்ச நேரத் தொழிலுக்கு எப்போதும் எடுத்துக்காட்டாகக் காட்டப்படுவது சிப்பிக் காளான். வைக்கோலை நறுக்கி, நாலைந்து மணி நேரம் ஊறவைத்து, கொதிநீரில் வேகவைத்து, ஈரம் சரியாக வரும்வரை உலர்த்தி, வித்து தூவிப் பையில் கட்டித் தொங்கவிட வேண்டும். பதினைந்து இருபது நாளில் வெண்ணிறப் பூசண இழை பரவும். அதன்பிறகு குடிலுக்குள் ஈரப்பதம் எண்பது விழுக்காட்டுக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் அதற்காக நாள் முழுக்கத் தண்ணீர் தெளித்தபடி இருக்க வேண்டும். வைக்கோல் சரியாக வேகாவிட்டால் பச்சைப் பூஞ்சை வந்து படுக்கை மொத்தமும் போகும். ஈ புகுந்தால் அறுவடை போகும். மொட்டு விட்ட காளானை அதன் நேரத்தில் பறிக்க வேண்டும், பறித்ததைக் குளிர்ப்பெட்டி இல்லாவிட்டால் அன்றே விற்றுத் தீர்க்க வேண்டும். இது நாள் முழுவதையும் தன் பக்கம் இழுக்கும் வேலை. இதைச் சமையலுக்கு நடுவே, துவைக்கும் துணிக்கு நடுவே செய்துகொள்ளலாம் என்று சொல்பவர் ஒருமுறைகூட ஒரு போகம் முழுக்க உடனிருந்து பார்த்திருக்க மாட்டார்.

கணினி வேலையிலும் இதே நிலைதான். பள்ளி விடுமுறையில், மாமியார் காய்ச்சலில் கிடக்கும் வாரத்தில், மின்சாரம் போன மதியத்தில், இணையம் வழியே ஒப்புக்கொண்ட வேலையின் கெடு மாறாது. அலுவலகத்தில் வேலை செய்பவருக்கு வேலை நேரம் என்று ஒன்று இருக்கிறது, அந்த நேரத்தில் வீட்டார் தொந்தரவு செய்ய மாட்டார்கள். வீட்டில் கணினிமுன் உட்காரும் பெண் சும்மா உட்கார்ந்திருப்பதாகவே வீடு நினைக்கிறது. ஆகவே அவள் வேலை இரவு பத்து மணிக்குத் தொடங்குகிறது. மிச்ச நேரம் என்று நாம் அழைப்பது அவளுடைய தூக்கத்திலிருந்து வெட்டியெடுக்கப்பட்ட நேரம்.

மூன்றாவது, நமக்கு நாமே முதலாளி என்பது. முதலாளி என்பவர் விலை வைப்பவர். வீட்டிலிருந்து சம்பாதிப்பவர்களில் எத்தனை பேர் தம் பொருளுக்குத் தாமே விலை வைக்கிறார்கள்?

பல்லடம், உடுமலை, நாமக்கல் வட்டாரங்களில் கறிக்கோழி வளர்ப்பவரைப் பாருங்கள். குஞ்சு, தீவனம், மருந்து மூன்றும் கம்பெனியுடையது. கொட்டகை, தண்ணீர், மின்சாரம், தரையில் பரப்பும் தேங்காய் நார்க்கழிவு, உழைப்பு எல்லாம் பண்ணையாளருடையது. கொட்டகை கட்டச் சில லட்சங்கள் கடன். முதல் பத்து நாள் குஞ்சுகளுக்குச் சூடு குறையாமல் இரவு பகலாக ஒரு ஆள் விழித்திருக்க வேண்டும். நாற்பது நாளுக்குப் பிறகு கம்பெனி வண்டி வந்து எடை போட்டு எடுத்துப் போகும். கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி வரும், அதைத் தீர்மானிப்பது கம்பெனி. தீவனம் அதிகம் தின்றிருந்தால், சாவு அதிகமென்றால் அதிலும் பிடித்தம். குஞ்சின் தரத்தையும் தீவனத்தின் தரத்தையும் பண்ணையாளர் தேர்ந்தெடுக்கவில்லை, ஆனால் அவற்றின் பலன் அவர் கூலியில் விழுகிறது. கடையில் கறி விலை கிலோவுக்கு நூறு ரூபாய் ஏறினாலும் அவர் கூலி ஏறுவதில்லை. இந்தக் கூலியை உயர்த்தக் கேட்டுப் பண்ணையாளர்கள் பலமுறை குஞ்சு இறக்க மறுத்துப் போராடியிருக்கிறார்கள். முதலாளிகள் இப்படிக் கூலி உயர்வு கேட்டுப் போராட மாட்டார்கள். இவர்கள் தம் சொந்த நிலத்திலேயே கூலியாள் ஆனவர்கள், தொழிற்சாலையின் செலவையும் தாமே ஏற்றுக்கொண்ட கூலியாட்கள்.

இணைய வேலை இன்னும் நுட்பமாக இதையே செய்கிறது. ஃபைவர் தளம் வேலை செய்தவரின் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் இருபதை எடுத்துக்கொள்கிறது. சில தளங்களில் வேலை கேட்டு விண்ணப்பிக்கவே காசு கட்ட வேண்டும். விண்ணப்பம் எழுதும் நேரம், மாதிரி செய்து அனுப்பும் நேரம், திருத்தம் கேட்டுத் திரும்பி வரும் நேரம் எதற்கும் ஊதியமில்லை. ஒரு வாடிக்கையாளர் கோபத்தில் போடும் ஒற்றை நட்சத்திரம் அடுத்த பல மாத வேலையைக் கெடுக்கும், அதை மேல்முறையீடு செய்ய ஒரு மனிதரை அடைவதே பெரும்பாடு. மொழிபெயர்ப்பில் நிலைமை மேலும் மோசம். இயந்திரம் செய்த மொழிபெயர்ப்பைத் திருத்திக் கொடுத்தால் போதும் என்று சொல்லி விலையைக் குறைக்கிறார்கள். திருத்துவதற்குப் புதிதாக எழுதுவதைவிட அதிக நேரம் பிடிக்கும் பக்கங்கள் நிறைய உண்டு என்பதை அந்த வேலை செய்தவர்கள் அறிவார்கள். மேலதிகாரி கண்ணுக்குத் தெரியவில்லை என்பதால் மேலதிகாரியே இல்லை என்று ஆகிவிடாது.

நான்காவது வாதம்தான் படித்தவர்களை அதிகம் ஈர்க்கிறது. வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போ, கொஞ்சம் நிலத்தில் விவசாயம், கொஞ்சம் கணினி வேலை, ஒன்றுக்கு ஒன்று துணை. இது நடைமுறையைத் தலைகீழாகப் படிக்கிறது. 2018-19ஆம் வேளாண்மை ஆண்டுக்கான தேசிய மாதிரி ஆய்வில், இந்திய விவசாயக் குடும்பம் ஒன்றின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய். அதில் பயிரிலிருந்து வந்தது 3,798. கால்நடையிலிருந்து 1,582. கூலியாகவும் சம்பளமாகவும் வந்தது 4,063. விவசாயக் குடும்பம் என்று பெயர் பெற்ற குடும்பத்திலேயே பயிரைவிட வெளியே போய் வாங்கும் கூலி பெரிது. நிலம் குடும்பத்தைத் தாங்கவில்லை, வெளிவேலைக் கூலிதான் நிலத்தையும் குடும்பத்தையும் தாங்குகிறது. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி நாட்டில் ஒரு சாகுபடி நில உடைமையின் சராசரிப் பரப்பு 1.08 ஹெக்டேர், தமிழ்நாட்டில் அதைவிடச் சிறிது. இந்த அளவு நிலம் ஒழுங்காக மாதம் பிறந்தால் வரும் ஒரு வருமானத்தைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது. மகன் திருப்பூரில் இருப்பதால், கணவர் லாரி ஓட்டுவதால், மகள் ஆசிரியையாக இருப்பதால் அந்த நிலம் விற்கப்படாமல் இருக்கிறது.

அந்த நிலையான சம்பளத்தின் இடத்தில் நிலையற்ற இணைய வேலையை வைத்தால் என்ன ஆகும்? மழையை நம்பும் வருமானத்தோடு, முகம் தெரியாத வாடிக்கையாளரை நம்பும் வருமானம் சேரும். இரண்டு நிச்சயமின்மை சேர்ந்து ஒரு நிச்சயம் பிறக்காது. நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகை முகூர்த்த நாளில் ஒரு விலை, மறுவாரம் பறிகூலிக்குக்கூடப் போதாத விலை. அந்த வாரத்திலேயே வெளியூர் வாடிக்கையாளர் மூன்று மாதப் பாக்கியைத் தராமல் இழுத்தால், வீட்டில் நகை அடகுக்குப் போகும். இரண்டு வேலையும் கேட்பது அதே காலை நேரத்தை, அதே ஒரு உடம்பை. மொட்டு விரியுமுன் பூப்பறிக்க இரவு மூன்று மணிக்கு எழுந்தவர் காலை பத்து மணிக்கு நல்ல மொழிபெயர்ப்பைத் தர முடியாது.

அப்படியானால் வெற்றிக் கதைகள் எல்லாம் பொய்யா என்று கேட்பார்கள். பொய்யில்லை. ஆனால் அந்தக் கதைகளில் சொல்லப்படாத ஒன்றைத் தேடிப் பாருங்கள். பலருக்கு ஏற்கெனவே நிலம், கிணறு, வங்கியில் பணம், வெளிநாட்டில் இருக்கும் உறவு இவற்றில் ஏதாவது ஒன்று இருந்திருக்கும். இன்னும் பலருக்கு வருமானம் விளைபொருளிலிருந்து வருவதில்லை, அந்தத் தொழிலில் புதிதாக இறங்குபவர்களிடமிருந்து வருகிறது. காளான் விற்பவரைவிடக் காளான் வித்தும் பயிற்சியும் விற்பவர் நன்றாக இருக்கிறார். முட்டை விற்பவரைவிடக் குஞ்சு விற்பவர் நன்றாக இருக்கிறார்.

இதன் உச்சத்தைக் கொங்கு நாடு கண்ணால் கண்டது. பெருந்துறையைத் தலைமையிடமாகக் கொண்ட சுசி ஈமு நிறுவனம், பணம் கட்டினால் ஈமு குஞ்சுகளும் தீவனமும் தந்து, மாதந்தோறும் பராமரிப்புத் தொகையும் தருவதாகச் சொன்னது. திரைப்பட நடிகர்கள் விளம்பரத்தில் வந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் பணம் கட்டினார்கள். வீட்டின் பின்புறம் வேலி போட்டுப் பறவை வளர்த்தால் போதும், வருமானம் வீடு தேடி வரும் என்று நம்பினார்கள். ஈமு கறியைத் தினமும் வாங்கிச் சாப்பிடும் மக்கள் இந்த நாட்டில் எங்கே இருக்கிறார்கள் என்ற கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை. புதிதாகச் சேருபவரின் பணம்தான் ஏற்கெனவே சேர்ந்தவரின் வருமானம். 2012இல் எல்லாம் சரிந்தது. பட்டினி கிடந்த பறவைகளுக்கு அரசின் கால்நடைத் துறை தீவனம் போட வேண்டி வந்தது. முதலீட்டாளர்கள் 1997ஆம் ஆண்டின் வைப்பீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நீதிமன்றப் படியேறினார்கள்.

அதே மோசடி இப்போது கைப்பேசிக்கு வந்திருக்கிறது. வீட்டிலிருந்து தட்டச்சு வேலை என்று சொல்லிப் பதிவுக்கட்டணம் வாங்குகிறார்கள், பிழை அதிகம் என்று காரணம் காட்டி வக்கீல் நோட்டீஸ் என மிரட்டி மேலும் பணம் பறிக்கிறார்கள். டெலிகிராமில் விமர்சனம் எழுதினால் காசு என்று சொல்லி முதல் இரண்டு நாள் சில நூறுகள் தந்து, பிறகு ஆயிரங்களைக் கட்ட வைக்கிறார்கள். ஏமாந்தவரைப் பேராசைக்காரர் என்று திட்டுவது எளிது. அது தவறு. பிள்ளையை விட்டுவிட்டு வெளியே போக முடியாத ஒரு தாயிடம், வீட்டிலிருந்தே சம்பாதிக்காதவள் சோம்பேறி என்று சமூகம் ஆயிரம் முறை சொல்கிறது. அவளுடைய தேவையையும் குற்றவுணர்ச்சியையும் மோசடிக்காரர்கள் பயன்படுத்திக்கொள்கிறார்கள். யார் எந்தத் திட்டத்தோடு வந்தாலும் ஒரே கேள்வி கேளுங்கள்: இந்தப் பொருளைக் கடைசியில் காசு கொடுத்து வாங்கிப் பயன்படுத்துபவர் யார்? அதற்கு ஊரும் சந்தையும் சொல்லிப் பதில் வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். வேலை தருபவர் நம்மிடம் பணம் கேட்டால் அது வேலையே இல்லை. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

எனக்கு எதிராக வைக்கக்கூடிய வலுவான வாதம் ஒன்று உண்டு, அதை மதிக்கிறேன். வெளியே போக முடியாத பெண்ணுக்கு வேறு என்ன வழி இருக்கிறது? மணிக்கு இருபது ரூபாய் என்றாலும் அது அவள் கைக்கு வரும் காசு. பால் பணம் பட்டுவாடா ஆகும் நாளில் யாரிடமும் கேட்காமல் பிள்ளைக்கு நோட்டு வாங்க முடிகிறது. அந்தச் சுயமரியாதையை உங்கள் கணக்கு அளக்குமா?

அளக்காது என்று ஒப்புக்கொள்கிறேன். அந்தக் காசின் மதிப்பு அதன் தொகையைவிடப் பெரிது. ஆனால் அந்த மதிப்பைக் காட்டியே அந்தத் தொகையைச் சிறிதாக வைத்திருக்கிறார்கள் என்பதுதான் என் குற்றச்சாட்டு. வீட்டுக்குப் பீடி சுற்றக் கொடுக்கும் ஒப்பந்தக்காரரும் இதையேதான் சொன்னார்: வீட்டில் சும்மா இருக்கும் நேரத்துக்கு ஏதோ கிடைக்கிறதே. பிசிறு வெட்ட வீட்டுக்குத் துணி அனுப்பும் இடைத்தரகரும் இதையேதான் சொல்கிறார். கோழிக் கம்பெனி சொல்வதும் இதுதான். வேறு வழியில்லாத நிலையை ஒருவரின் விருப்பம் என்று பெயர் மாற்றினால், கூலியை எவ்வளவு வேண்டுமானாலும் குறைக்கலாம்.

வழியில்லாத நிலையும் விதியல்ல. 2021இல் தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. பக்கத்து ஊர் வேலைக்குப் போனால் பேருந்துக்கே பாதிக் கூலி போய்விடும் என்று வீட்டில் இருந்தவர்களுக்கு ஒரு கதவு திறந்தது. நாள் முழுக்கத் திறந்திருக்கும் குழந்தைகள் காப்பகம் ஊருக்கு ஒன்று வந்தால் இன்னொரு கதவு திறக்கும். வெளியே போகும் வழி திறந்திருந்தால்தான் வீட்டில் இருப்பது உண்மையான தேர்வாகும். அப்போதுதான் வீட்டிலிருந்து வேலை செய்பவருக்கும் பேரம் பேசும் பலம் கிடைக்கும்.

வீட்டிலேயே வேலை செய்பவருக்கும் நியாயமான வருமானம் கிடைக்க முடியும் என்பதற்கு நம் வரலாற்றிலேயே சான்றுகள் இருக்கின்றன. 1966இல் இயற்றப்பட்ட பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டில் பீடி சுற்றும் பெண்ணையும் தொழிலாளியாக ஏற்றது. பீடி உற்பத்தியாளர்கள் அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார்கள். 1974இல் மங்களூர் கணேஷ் பீடி வழக்கில் நீதிமன்றம் சட்டத்தைச் செல்லும் என்றது. திருநெல்வேலி, தென்காசி, வேலூர்ப் பக்கங்களில் அடையாள அட்டையும் வருங்கால வைப்புநிதியும் பெற்ற பீடித் தொழிலாளர்களுக்கு அவை தாமாக வந்துவிடவில்லை, சங்கமும் சட்டமும் சேர்ந்து வாங்கிக் கொடுத்தன. வீட்டு வாசற்படிக்குள் தொழிலாளர் உரிமை நுழைய முடியாது என்று சொல்பவர்களுக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே பதில் சொல்லப்பட்டுவிட்டது. அந்தச் சட்டம் இப்போது தொழிலாளர் தொகுப்புச் சட்டத்துக்குள் அடக்கப்பட்டிருக்கிறது. அது தந்த உரிமைகள் அந்த வழியில் கரைந்துவிடாமல் பார்ப்பது நம் கடமை.

1999இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை இன்னொரு சான்று. தரகு இல்லை, அடையாள அட்டையோடு வரும் விவசாயிக்குக் கடை உண்டு, அன்றன்றைய விலை பலகையில் எழுதப்படும். நாலு கூடைக் கத்தரிக்காய் கொண்டுவரும் சிறு விவசாயிக்கு அது செய்த நன்மையை எந்தத் தன்னம்பிக்கைப் பேச்சும் செய்ததில்லை. பால் சொசைட்டியும் அப்படித்தான். இரண்டு லிட்டர் ஊற்றுபவருக்கும் இருபது லிட்டர் ஊற்றுபவருக்கும் ஒரே விலை என்பது தனியார் வியாபாரியிடம் தனியாகப் பேரம் பேசிக் கிடைத்திருக்காது. நான் மேலே காட்டியதுபோல் அந்த விலை போதவில்லை என்றாலும், அதை உயர்த்தக் கேட்டுப் பேச ஒரு இடம் இருக்கிறது. தனித்தனி வீடுகளில் உட்கார்ந்து தனித்தனியாகத் தளங்களோடு பேரம் பேசும் மொழிபெயர்ப்பாளருக்கும் வடிவமைப்பாளருக்கும் அப்படி ஒரு இடம் இல்லை.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1996இல் வீட்டிலிருந்து செய்யும் வேலைக்கான உடன்படிக்கையை, 177ஆம் எண்ணுடையதை, ஏற்றது. வீட்டிலிருந்து கூலிக்கு வேலை செய்பவரை மற்றத் தொழிலாளருக்குச் சமமாக நடத்த வேண்டும் என்பது அதன் சாரம். இந்தியா இன்னும் அதை ஏற்று உறுதிசெய்யவில்லை. 2019இல் உலகில் வீட்டிலிருந்து வேலை செய்தவர்கள் சுமார் 26 கோடிப் பேர், அவர்களில் பாதிக்கும் மேல் பெண்கள் என்று அந்த அமைப்பே 2021இல் கணக்கிட்டது. இத்தனை பெரிய உழைக்கும் கூட்டத்தைப் பொழுதுபோக்குக்குச் சம்பாதிப்பவர்கள் என்று நினைப்பதை இனி நிறுத்த வேண்டும்.

ஆகவே நான் கேட்பவை இவை. சிறுதொழில் பயிற்சி தரும் அரசுத் துறையும் வங்கியும் தொண்டு நிறுவனமும் வரவு செலவோடு உழைப்பு நேரத்தையும் எழுதி, மணிக்கு என்ன மிஞ்சும் என்று காட்டாமல் எந்தத் தொழிலையும் பரிந்துரைக்கக் கூடாது. கறிக்கோழி வளர்ப்புக் கூலியை அரசு, கம்பெனி, பண்ணையாளர் மூவரும் உட்கார்ந்து ஆண்டுதோறும் நிர்ணயிக்க வேண்டும், ஒப்பந்தம் தமிழில் எழுதப்பட்டுப் பண்ணையாளர் கையில் இருக்க வேண்டும். வீட்டுக்கு வேலை அனுப்பும் ஒவ்வொருவரும் எட்டு மணி நேர உழைப்புக்குக் குறைந்தபட்சக் கூலி வரும்படி விலை வைக்க வேண்டும். 1982ஆம் ஆண்டின் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் வழியே பல தொழில்களுக்கு நல வாரியம் கண்ட மாநிலம் இது. வீட்டிலிருந்து இணையத்தில் உழைப்பவருக்கும் அது ஒரு வாரியத்தைத் தர வேண்டும், பாக்கி வைத்து ஏமாற்றும் வாடிக்கையாளரிடம் வசூலிக்க எளிய வழியையும் தர வேண்டும்.

வீட்டுக்குள்ளும் ஒரு கடமை இருக்கிறது. மனைவி மாடு வளர்க்கட்டும், மகள் கணினியில் சம்பாதிக்கட்டும் என்று பெருமைப்படும் ஆண் அந்த 88 நிமிடத்தை இரட்டிப்பாக்க வேண்டும். சாணம் அள்ளுவதும் சொசைட்டிக்குப் பால் சுமப்பதும் இரவுச் சமையலும் அவருக்கும் தெரிந்த வேலைதான். உதவி என்ற பெயரில் எப்போதாவது செய்வது போதாது, பொறுப்பாக ஏற்க வேண்டும்.

இதைப் படித்துவிட்டு யாரும் கோழியை விற்றுவிட வேண்டாம், கணினியை மூடிவிட வேண்டாம். ஒரு நோட்டு எடுத்து, ஒரு மாதம் செலவழித்த பணத்துக்குப் பக்கத்தில் செலவழித்த நேரத்தையும் எழுதுங்கள். மாதக் கடைசியில் மிஞ்சிய தொகையை அந்த மணிகளால் வகுங்கள். வரும் விடையைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் காட்டுங்கள், குழுக் கூட்டத்தில் காட்டுங்கள், கூலி பேச வரும் கம்பெனி ஆளிடம் காட்டுங்கள். அந்த எண் வெளிச்சத்துக்கு வராதவரை அதை உயர்த்தச் சொல்லி யாரிடமும் கேட்க முடியாது.